மியூனிக்கில் மாற்றுத்திறன் கொண்ட இளையோரின் பள்ளிக்குப் பிந்தைய வாழ்வு

மியூனிக்கில் மாற்றுத்திறன் கொண்ட ஒரு பிள்ளை பள்ளியை முடிக்கும் காலத்தில், எங்கே வேலை செய்வது, எங்கே வசிப்பது, சட்டப்படி யார் முடிவெடுப்பது என்ற மூன்று கேள்விகளும் ஒன்றாக வந்து நிற்கின்றன. ஜெர்மன் சமூகச் சட்டத்தின் ஒன்பதாம் நூல் (2001) இவற்றுக்குப் பல வழிகளைத் திறந்து வைத்திருக்கிறது. ஆனால் அவை கேட்பவருக்கே கிடைக்கின்றன. கேளாத குடும்பத்துக்குப் பெரும்பாலும் சிறப்புப் பள்ளியிலிருந்து மாற்றுத்திறனாளர் பணிமனைக்குச் செல்லும் ஒற்றைப் பாதைதான் அமைகிறது.

இந்த நகரத்துக்குக் கொடிய ஒரு முன்வரலாறு உண்டு. நகரின் கிழக்கு எல்லையை ஒட்டிய எக்ல்ஃபிங்-ஹார் மனநல விடுதியில் நாஜி ஆட்சியின்போது 300க்கும் மேற்பட்ட மாற்றுத்திறன் குழந்தைகள், அவர்களைக் காக்க வேண்டிய மருத்துவர்களின் ஆணையாலேயே கொல்லப்பட்டார்கள். போருக்குப் பின் எல்லாவற்றையும் அடியிலிருந்து கட்ட வேண்டியிருந்தது. போலியோ பரவலை அடுத்து 1952இல் ஃபென்னிக்பராடெ அமைப்பு தோன்றியது. இன்று அதற்குப் பள்ளிகள், பணிமனைகள், குடியிருப்புகள் எல்லாம் உண்டு. 1958இல் மார்புர்க் நகரில் டாம் முட்டர்ஸ் பெற்றோருடன் சேர்ந்து நிறுவிய லேபன்ஸ்ஹில்ஃபெ சில ஆண்டுகளில் மியூனிக்குக்கும் வந்தது. குழந்தை மருத்துவர் தியோடர் ஹெல்ப்ரூகெ 1968இல் குழந்தைகள் மையத்தைத் தொடங்கினார். மாற்றுத்திறன் குழந்தைகளும் மற்றவர்களும் ஒரே வகுப்பில் படித்த மாண்டிசோரி பள்ளியும் அவர் முயற்சியில் பிறந்ததே.

பவேரியா மாநிலத்தில் கட்டாயக் கல்வி 12 ஆண்டுகள். அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கான சிறப்புப் பள்ளிகளில் கடைசி மூன்று ஆண்டுகள், அதாவது 10 முதல் 12ஆம் வகுப்பு வரை, தொழிற்பள்ளி நிலை எனப்படுகின்றன. சமைப்பது, துணி துவைப்பது, காசு எண்ணிக் கொடுப்பது, தனியாக ரயிலேறி வருவது எல்லாம் இங்கே பாடங்கள். இவற்றை அற்பமென்று நினைக்கும் பெற்றோர் உண்டு. ஆனால் தனியாகப் பயணம் செய்யத் தெரிந்த பிள்ளைக்கு நகரம் முழுவதும் வேலை தேடலாம். தெரியாத பிள்ளை வேன் வந்து ஏற்றிச் செல்லும் இடத்துக்கு மட்டுமே போக முடியும். இந்த ஆண்டுகளில் செய்யும் பணிப்பயிற்சிகளே பிற்காலத்தைத் தீர்மானிக்கின்றன. பணிமனையில் ஒரு பயிற்சி போதும் என்று விட்டுவிடாமல் கடை, சமையல்கூடம், தோட்டம், முதியோர் இல்லம் என வெளியிடங்களிலும் பயிற்சி கேட்க வேண்டும். இதற்குத் துணை நிற்பது இன்டக்ராட்சியோன்ஸ்ஃபாக்டீன்ஸ்ட் எனப்படும் வேலைத் துணைச் சேவை. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் மாற்றுத்திறனாளர்களுக்கென்றே தனி ஆலோசகர்கள் இருக்கிறார்கள்.

முழுத் தொழிற்கல்வி கடினமாக இருப்பவர்களுக்குப் பாடம் குறைத்து செய்முறையைக் கூட்டிய ‘ஃபாக்பிராக்டிகர்’ பயிற்சி இருக்கிறது. சமையல், தோட்டக்கலை போன்ற தொழில்களில் இதைப் பெறலாம். செவித்திறன், பேச்சுக் குறைபாடுள்ளோருக்காக ஓபர்பயர்ன் (மேல் பவேரியா) வட்டார நிர்வாகம் மியூனிக்கிலேயே ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தை நடத்துகிறது. முதலில் வேலையில் அமர்த்தி, அந்த இடத்திலேயே பயிற்றுநரை வைத்துக் கற்றுத்தரும் ‘துணையுடன் வேலை’ திட்டம் இரண்டு ஆண்டுகள் வரை நீளும். தேவைப்பட்டால் இன்னும் ஓராண்டு கூட்டலாம்.

பணிமனையைப் பற்றி ஒளிவின்றிச் சொல்ல வேண்டும். நாடெங்கும் கிட்டத்தட்ட 3 லட்சம் பேர் இவற்றில் இருக்கிறார்கள். மூன்று மாத நுழைவுக் காலம், இரண்டு ஆண்டுத் தொழிற்பயிற்சி, பிறகு வேலைப் பிரிவு என்பது நடைமுறை. குறைந்தபட்ச ஊதியச் சட்டம் இங்கே செல்லாது. சராசரி மாத ஊதியம் 200 யூரோவைச் சற்றே தாண்டும். ஆனால் ஓய்வூதியப் பங்களிப்பு, நாட்டின் சராசரி ஊதியத்தை ஒட்டிய ஓர் அளவின் 80 சதவீதத்தை ஈட்டியதுபோல் கணக்கிடப்படுகிறது. 20 ஆண்டுகள் கழிந்தால் உழைப்புத்திறன் இழப்புக்கான ஓய்வூதியம் உண்டு. பெற்றோர் பணிமனையை விரும்புவதற்கு இந்தப் பாதுகாப்பு முக்கியக் காரணம். அதைக் குறை சொல்ல முடியாது. எனினும் அங்கிருந்து பொது வேலைச் சந்தைக்கு ஆண்டுதோறும் மாறுவோர் 100க்கு ஒருவர்கூட இல்லை. ஐ.நா. மாற்றுத்திறனாளர் உரிமைக் குழு 2015இல் இந்தப் பணிமனைகளைப் படிப்படியாகக் கைவிடுமாறு ஜெர்மனியிடம் கூறியது. பணிமனை வேலைக்கும் இயலாதவர்களுக்கு பவேரியாவில் பகல்நேரப் பராமரிப்பு மையங்கள் உள்ளன. அங்கே ஊதியமும் இல்லை, ஓய்வூதியக் காப்பீடும் இல்லை. அமைப்பின் மிகப் பெரிய அநீதி இதுதான்.

2018 முதல் நடப்பிலுள்ள ‘வேலைக்கான நிதி’ பணிமனைக்கு மாற்று. பொது வேலைச் சந்தையிலுள்ள நிறுவனம் ஒருவரை முறையான ஊதியத்தில் சேர்த்தால், அந்த ஊதியத்தில் 75 சதவீதம் வரை அரசுத் தரப்பு ஏற்கும். உடனிருந்து வழிகாட்டுபவரின் செலவும் கிடைக்கும். வேலை ஒத்துவராவிட்டால் பணிமனைக்குத் திரும்பும் உரிமை பறிபோகாது. தொழிற்கல்விக்கான இதே வகை நிதி 2020இல் வந்தது. 20 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்கள், தனியார் உட்பட, 5 சதவீத இடங்களைக் கடும் மாற்றுத்திறனாளர்களுக்குத் தர வேண்டும். தவறினால் ஈட்டுத்தொகை கட்ட வேண்டும். ஒப்பிட்டால், இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம் தரும் 4 சதவீத ஒதுக்கீடு அரசுப் பணிகளுக்கே உரியது. கலைத்துறையிலும் கதவு திறந்திருக்கிறது. பார்பரா முண்டல் 2020இல் பொறுப்பேற்ற பிறகு, மியூனிக்கின் புகழ்பெற்ற காமர்ஷ்பீலெ நாடக அரங்கின் நிரந்தரக் குழுவில் மாற்றுத்திறன் கொண்ட நடிகர்கள் இடம்பெற்றார்கள்.

18 வயது நிறையும் நாளில் பெற்றோரின் சட்டப் பிரதிநிதித்துவம் தானாக முடிந்துவிடுகிறது. வங்கி, மருத்துவமனை, ஒப்பந்தம் எதிலும் அம்மா அப்பாவின் கையெழுத்து செல்லாது. தேவையென்றால் நீதிமன்றத்தில் விண்ணப்பித்துச் சட்டத் துணைவராக நியமனம் பெற வேண்டும். சில மாதங்கள் முன்னதாகவே தொடங்குவது நல்லது. 2023இல் திருத்தப்பட்ட சட்டம் பிள்ளையின் விருப்பத்துக்கே முதலிடம் தருகிறது. இந்தியாவில் 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் மாவட்டக் குழு காப்பாளரை நியமிப்பதை அறிந்தவர்களுக்கு இது புரியும். 25 வயதுக்கு முன் ஏற்பட்ட குறைபாட்டால் பிள்ளை தன்னைத் தானே பராமரிக்க இயலாவிட்டால், அரசு தரும் குழந்தைத் தொகை வயது வரம்பின்றித் தொடரும். அடிப்படை வாழ்வாதார உதவி கோரும்போது, ஆண்டு வருமானம் ஒரு லட்சம் யூரோவைத் தாண்டாத பெற்றோரிடம் பணம் கேட்கப்படுவதில்லை.

வீட்டு வாடகை மிக உயர்ந்த நகரம் என்பதால் குடியிருப்புதான் கடினமான பகுதி. குழு இல்லங்கள், துணையாளர் வந்துபோகும் தனி வீடுகள் எனப் பல வகை இருந்தாலும் இடத்துக்குப் பதிவு செய்வதைத் தள்ளிப்போடக் கூடாது. துணைச் செலவுக்கு ஓபர்பயர்ன் வட்டார நிர்வாகத்திடம் விண்ணப்பிக்க வேண்டும்.

மாற்றுத்திறனாளர் அடையாள அட்டை வாங்கினால் பிள்ளைமேல் முத்திரை விழுந்துவிடும் என்று தயங்கும் தமிழ்க் குடும்பங்கள் அந்தத் தயக்கத்தை விட வேண்டும். வேலை ஒதுக்கீட்டுக்கும் பணிநீக்கப் பாதுகாப்புக்கும் பயணச் சலுகைக்கும் அந்த அட்டையே அடிப்படை. EUTB எனப்படும் சுயேச்சையான ஆலோசனை மையங்கள் 2018 முதல் கட்டணமின்றி வழிகாட்டுகின்றன. பிள்ளை எட்டாம் வகுப்பில் இருக்கும்போதே அங்கே சென்று வாருங்கள்; பணிமனை தவிர வேறென்ன உண்டு என்பதைப் பள்ளியிடம் எழுத்தில் கேளுங்கள்.