இரக்கமும் பயின்ற கைகளும்

எரிகோ செல்லும் வழியில் குற்றுயிராய்க் கிடந்தவரைக் கண்ட சமாரியர் என்ன செய்தார்? அவர் பரிவு கொண்டார் என்று சொல்லி நாம் பெரும்பாலும் நிறுத்திக்கொள்கிறோம். லூக்கா நற்செய்தியாளரோ அத்துடன் நிறுத்தவில்லை. அருகில் சென்றது, காயங்களில் எண்ணெயும் மதுவும் வார்த்தது, கட்டியது, தம் விலங்கின்மேல் ஏற்றியது, சாவடியில் சேர்த்துக் கவனித்தது என அந்த மனிதரின் செயல்களை வரிசையாக எழுதுகிறார். பரிவு உள்ளத்தில் பிறந்தது. அதைப் பயனுள்ளதாக்கியவை அவருடைய கைகள். உள்ளத்தில் இரக்கம் நிறைந்திருந்தும் கைகளுக்குச் செய்யும் வகை தெரியாவிட்டால் என்ன ஆகும்? இக்கேள்விக்கு விடை தேடிய கதையே முதலுதவிக் கல்வியின் வரலாறு எனலாம்.

சொல்ஃபெரினோ தந்த பாடம்

1859-ஆம் ஆண்டு ஜூன் 24-ஆம் நாள் வட இத்தாலியின் சொல்ஃபெரினோவில் பெரும்போர் நிகழ்ந்தது. ஒருபுறம் பிரெஞ்சுப் படையும் சார்தீனியப் படையும். மறுபுறம் ஆஸ்திரியப் படை. காயமுற்றோர் ஆயிரக்கணக்கில் அருகிலிருந்த காஸ்திலியோனே ஊருக்குக் கொண்டுவரப்பட்டனர். ஆலயங்கள் மருத்துவமனைகளாயின. ஊர்ப் பெண்கள் நண்பன், பகைவன் என்று பாராமல் அனைவரையும் உடன்பிறந்தாராகக் கருதிப் பணிவிடை செய்தனர். தம் அலுவல் நிமித்தமாக அங்கு வந்திருந்த ஜெனீவா வணிகர் ஹென்றி டுனாண்டும் அவர்களோடு சேர்ந்துகொண்டார்.

இக்காட்சிகளை அவர் 1862-இல் நூலாக வெளியிட்டார். அவர் நெஞ்சை உறுத்திய உண்மை ஒன்று உண்டு. தண்ணீர் இருந்தது, உணவு இருந்தது, காயத்தில் வைக்கும் பஞ்சுநூலும் இருந்தது. அவற்றை உரிய நேரத்தில் உரிய முறையில் தருவதற்குக் கைகள் போதவில்லை. ஆகவே தகுதியும் ஆர்வமும் உள்ள தொண்டர்களை அமைதிக் காலத்திலேயே ஆயத்தம் செய்ய வேண்டும் என்று அவர் வேண்டினார். அந்த வேண்டுகோளிலிருந்தே 1863-இல் செஞ்சிலுவை இயக்கம் உருவாயிற்று. 1901-இல் முதல் நோபல் அமைதிப் பரிசு டுனாண்டுக்கும் பிரெடெரிக் பாசிக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

முக்கோணத் துணி

போர்க்களத்தில் மட்டுமா மனிதர் காயமுறுகின்றனர்? சுரங்கங்களிலும் தொழிற்சாலைகளிலும் இருப்புப்பாதைகளிலும் நாள்தோறும் விபத்துகள் நிகழ்ந்தன. பொதுமக்களுக்கே முதலுதவியைக் கற்பிக்க 1877-இல் இங்கிலாந்தில் புனித யோவான் ஆம்புலன்ஸ் சங்கம் தோன்றியது. எருசலேமில் நோயுற்ற திருப்பயணிகளைப் பேணி, 1113-இல் திருத்தந்தை இரண்டாம் பாஸ்காலின் ஏற்பைப் பெற்ற துறவற சபையின் பெயரையும் மரபையும் அது தனதாக்கிக்கொண்டது. 1878-இல் படை மருத்துவர் பீட்டர் ஷெப்பர்டும் பிரான்சிஸ் டங்கனும் இலண்டனையடுத்த உல்விச்சில் பொதுமக்களுக்கு வகுப்புகள் நடத்தினர். அடுத்த ஆண்டு ஜனவரி 22-இல் தென்னாப்பிரிக்காவின் இசாண்டில்வானா போர்க்களத்தில் ஷெப்பர்டு உயிரிழந்தார். அவர் தொடங்கிய வகுப்புகளோ பெருகின.

இலண்டனில் இவ்வகுப்புகளைக் கண்ட செருமானிய அறுவை மருத்துவர் பிரீட்ரிக் எஸ்மார்க், 1882-இல் கீல் நகரில் இத்தகைய கல்வியைத் தொடங்கினார். அதற்கு அவர் சூட்டிய பெயர் சமாரியர் பள்ளி! நற்செய்தியின் உவமை அங்கே பாடத்திட்டமாக உருப்பெற்றது. அவர் பரப்பிய முக்கோணத் துணிக்கட்டு இன்றும் முதலுதவிப் பெட்டிகளில் இருக்கிறது. தலை, தோள், கை, கால் ஆகியவற்றில் அதைக் கட்டும் விதங்கள் அத்துணியிலேயே படங்களாக அச்சிடப்பட்டிருந்தன. துணியே பாடநூலாயிற்று. பக்கத்தில் இருக்கும் தோழனின் கையே பயிற்சிக்களமாயிற்று. 1908-இல் பேடன் பவல் தொடங்கிய சாரணர் இயக்கம் இக்கலையைச் சிறுவர்களிடமும் கொண்டு சேர்த்தது.

காயமுற்றோராய் நடித்தவர்கள்

ஆயினும் இப்பயிற்சியில் ஒரு குறை இருந்தது. கட்டுப் போடும்போது தோழன் சிரித்துக்கொண்டிருப்பான்; குருதி இராது, கதறல் இராது. வகுப்பில் அழகாகக் கட்டியவர் உண்மையான விபத்தைக் கண்டதும் கை நடுங்கி நிற்பது உண்டு.

இரண்டாம் உலகப்போரின்போது இங்கிலாந்தின் நகரங்கள்மேல் குண்டுகள் விழுந்தன. இடிபாடுகளிலிருந்து மக்களை மீட்கும் பயிற்சி லெதர்ஹெட் என்னும் ஊரில் நடைபெற்றது. அங்கே பணியாற்றிய பொறியாளர் எரிக் கிளாக்ஸ்டன், காயமுற்றோராகப் படுத்திருப்பவர்கள் வெறும் சுமைகளாகக் கையாளப்படுவதில் பயன் இல்லை என்று உணர்ந்தார். காயத்தின் தோற்றத்தை ஒப்பனையால் காட்டவும், வலியையும் அச்சத்தையும் மயக்கத்தையும் உள்ளவாறே நடிக்கவும் தன்னார்வலர்களைப் பழக்கினார். 1942-இல் இவர்கள் காயமுற்றோர் ஒன்றியம் என்னும் பொருள்படும் பெயருடன் ஓர் அமைப்பாயினர்.

இங்கே ஓர் ஆழ்ந்த உண்மை புலப்படுகிறது. முரட்டுத்தனமாகத் தூக்கினால் நடிப்பவர் அலறுவார்; ஆறுதலாகப் பேசினால் அமைதியடைவார். தம் முன் கிடப்பது ஒரு முறிந்த கால் அன்று, அஞ்சி நடுங்கும் ஒரு மனிதர் என்பதைப் பயில்பவர் அங்கேதான் கற்றுக்கொள்கிறார். கட்டும் முறையைப் படம் கற்பிக்கும். கனிவாய்த் தொடும் முறையை மற்றொரு மனிதரே கற்பிக்க முடியும்.

பொம்மை செய்தவரின் கொடை

நடிப்பால் கற்பிக்க முடியாத ஒன்றும் உண்டு. மூச்சு நின்றவருக்கு மூச்சளிப்பதை நலமாய் இருக்கும் தோழர்மேல் பழகுவது தகாது. இயங்கும் இதயத்தின்மேல் மார்பை அழுத்திப் பழகுவதோ தீங்காகும். சூனேம் ஊர்ச் சிறுவனின் வாய்மேல் இறைவாக்கினர் எலிசா தம் வாயை வைத்ததை அரசர்கள் இரண்டாம் நூலில் வாசிக்கிறோம். வாயோடு வாய் வைத்து மூச்சளிக்கும் முறையின் பயனை 1950-களில் பீட்டர் சபார் போன்ற மருத்துவர்கள் ஆய்வுகளால் நிறுவினர். ஆனால் அதைப் பாமரருக்குக் கற்பிப்பது எப்படி?

நார்வே நாட்டின் ஸ்டவாங்கர் நகரில் அஸ்மண்ட் லேர்டால் என்னும் பொம்மைத் தயாரிப்பாளர் இருந்தார். நீரில் மூழ்கிய தம் சிறுமகனைத் தம் கைகளாலேயே பிழைப்பித்த தந்தை அவர். மருத்துவர்களின் வேண்டுகோளை ஏற்று, ஆளளவு உருவமும் மூச்சை ஊதினால் உயரும் மார்பும் கொண்ட பொம்மையை 1960-இல் உருவாக்கினார். அதற்கு ஆன் என்று பெயரிட்டார். சேன் நதியில் மூழ்கியவர் எனச் சொல்லப்படும் பெயர் தெரியாத இளம்பெண்ணின் முக அச்சை அதற்கு முகமாக அமைத்தார். அவ்வாண்டிலேயே அமெரிக்காவில் கோவன்ஹோவனும் அவருடைய துணைவர்களும் மார்பை அழுத்தி இதயத்தை இயக்கும் முறையை வெளியிட்டனர். நார்வேயின் மயக்கவியல் மருத்துவர் பியோர்ன் லிண்ட், பள்ளிச் சிறுவருக்கே இப்பொம்மையைக் கொண்டு பயிற்சியளித்து, சிறுவராலும் இதைக் கற்க இயலும் என்று காட்டினார்.

நம் இளையோருக்கு

இவற்றையெல்லாம் நாம் ஏன் அறிய வேண்டும்? நம் ஊர்களில் தீக்காயத்தின்மேல் பேனா மை ஊற்றுகிறார்கள். வலிப்பு வந்தவர் கையில் இரும்பைத் திணிக்கிறார்கள். பாம்பு கடித்த காலை இறுகக் கட்டுகிறார்கள். நினைவிழந்தவர் வாயில் தண்ணீர் ஊற்றுகிறார்கள். இவற்றைச் செய்பவர்கள் கொடியவர்களா? இல்லை. உள்ளம் பதறி ஓடிவரும் நல்லவர்களே இவற்றைச் செய்கிறார்கள். அன்பு இருக்கிறது; பயின்ற கைகள் இல்லை.

விபத்தில் சிக்கியவருக்கு உதவினால் வழக்கும் அலைச்சலும் வருமே என்ற அச்சம் நம்மிடையே நெடுங்காலம் இருந்தது. உதவுவோரைக் காக்கும் வழிகாட்டு நெறிகளுக்கு 2016-இல் உச்ச நீதிமன்றம் சட்ட வலிமை தந்தது. 2019-இன் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டமும் அவர்களுக்குப் பாதுகாப்பளித்தது. அச்சட்டம் அவர்களைக் குறிக்கும் பெயரும் நல்ல சமாரியர் என்பதே. சட்டம் அச்சத்தை அகற்றலாம். கைகளைப் பழக்குவது சட்டத்தின் வேலையன்று.

குருதி பெருகும் காயத்தைத் துணிவைத்து அழுத்திப் பிடித்தல், தீப்பட்ட இடத்தில் 20 நிமிடம் ஓடும் நீர் விடுதல், மூச்சும் துடிப்பும் நின்றவரின் நடுமார்பை 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை அழுத்துதல் ஆகியவற்றைச் சொற்பொழிவால் கற்பிக்க இயலாது. அந்த ஆழத்தை உள்ளங்கை உணர வேண்டும். அந்த வேகத்தில் தோள்கள் களைத்துப் போக வேண்டும். பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவர், சில முக்கோணத் துணிகள், ஒரு பொம்மை, காயமுற்றோராய் நடிக்க முன்வரும் நான்கு இளைஞர்கள்: இவை போதும், ஒரு விடுமுறை நாளைப் பயனுள்ளதாக்க.

இரக்கம் கொள்ளுங்கள் என்று பிள்ளைகளுக்கு நாம் ஓயாமல் சொல்லி வருகிறோம். அந்த இரக்கத்தோடு அவர்கள் அருகில் செல்லும் நாளில் என்ன செய்வது என்பதையும் கற்றுத் தருவோமாக. உவமையின் முடிவில் ஆண்டவர் இட்ட கட்டளை உணர்வதற்கு அன்று, செய்வதற்கே.