பீடையும் அதிகாரமும்: ஜாவாக் கமக்காரரின் ஏற்பும் மறுப்பும்

ஒருங்கிணைந்த பீடை முகாமைத்துவத்தைக் கமக்காரர் ஏன் ஏற்கின்றனர், ஏன் மறுக்கின்றனர் என்னும் வினாவுக்கு அவர்தம் கல்வியறிவிலும் மனப்பாங்கிலும் விடை தேடுவதே பெருவழக்கு. இவ்விளக்கம் ஒரு சமூகப் பிரச்சினையைத் தனிமனித உளவியலாகச் சுருக்கிவிடுகின்றது. உற்பத்தி உறவுகளையும் அரசின் தன்மையையும் விடுத்து இவ்வினாவுக்கு விடை காணல் இயலாது என்பதே எமது கருத்து. இந்தோனேசியாவின், சிறப்பாக ஜாவாவின், அனுபவத்தை இந்நோக்கில் ஆராய்வோம்.

1960 ஆம் ஆண்டின் நிலச் சட்டங்களை நடைமுறைப்படுத்தக் கோரிப் போராடிய இந்தோனேசிய விவசாயிகள் முன்னணி, 1965–66 படுகொலைகளின்போது அழித்தொழிக்கப்பட்டது. பசுமைப் புரட்சி ஜாவாவின் வயல்களிற் பேரளவில் இறங்கியது இவ்வழிவின் பின்னரே. ‘பிமாஸ்’ என்னும் அரச திட்டத்தின் கீழ் விதை, பசளை, பீடைநாசினி, கடன் யாவும் ஒரே பொதியாக வழங்கப்பட்டன. 1968–70 காலப்பகுதியில் வெளிநாட்டுக் கம்பனிகளுடன் ஒப்பந்தஞ் செய்து, வயல்களின்மீது விமானங்களிலிருந்து நாசினி தெளிக்கப்பட்டது. தெளிப்பதா, விடுவதா எனத் தீர்மானிக்கும் உரிமை கமக்காரனிடம் இருக்கவில்லை.

விளைவு யாது? நாசினி, தண்டினுள் இடப்பட்ட கபிலநிறத் தத்தியின் முட்டைகளை எட்டவில்லை. தத்தியை உண்ணும் சிலந்திகளையே கொன்றது. எதிரியற்ற வயலில் தத்தி பெருகியது. 1977 இல் பத்து இலட்சம் தொன்னுக்கும் மேற்பட்ட அரிசி இழக்கப்பட்டது. 1984 இல் அரிசியில் தன்னிறைவு எய்தியதாகப் பெருமை கொண்ட அரசு, 1986 இல் மீண்டும் அதே பீடையை எதிர்கொண்டது. அவ்வாண்டு நவம்பரில் 57 நாசினிகள் நெற்செய்கையில் தடைசெய்யப்பட்டன. விலையில் ஏறத்தாழ 80 வீதமாக இருந்த மானியம் 1989 அளவில் நீக்கப்பட்டது. எண்ணெய் விலை வீழ்ந்து திறைசேரி நலிந்திருந்த வேளையில் இத்தீர்மானம் எடுக்கப்பட்டமை மனங்கொளத்தக்கது. அறிவியலின் குரல் அரசின் செவியில் விழுவதற்குப் பொருளாதார நெருக்கடியும் துணைநின்றது.

1989 முதல் வயற்பாடசாலைகள் தொடங்கின. ஏறத்தாழ இருபத்தைந்து கமக்காரர் ஒரு போகம் முழுவதும் வாரந்தோறும் கூடினர். பூச்சிகளை எண்ணினர், வரைந்தனர். தத்தியையும் சிலந்தியையும் ஒரே கூட்டில் அடைத்து நிகழ்வதை நேரிற் கண்டனர். அதுவரை ஜாவாக் கமக்காரர் நாசினியை ‘ஒபாத்’ என்றே வழங்கினர். மருந்து என்பது அதன் பொருள். எமது கமக்காரரும் ‘மருந்தடித்தல்’ என்றே கூறுகின்றனர். மொழி கருத்துநிலையின் உறைவிடமாதலின், நஞ்சை மருந்தென அழைப்போன் அதனை விடுதல் எளிதன்று. பிறர் கூறியதனாலன்றித் தம் கண்ணாற் கண்டதனால் அச்சொல்லை ஐயுற்றவர்களே புதிய முறையை ஏற்றனர். அறிவின் நுகர்வோராயிருந்தவர் அதன் உற்பத்தியாளராயினர் எனலாம்.

ஆயினும் மறுப்பு நீடித்தது. வாரத்துக்குப் பயிரிடுவோன் ஒரு போகம் தோற்றால் கடனும் பெருகும், நிலமும் கைமாறலாம். அவனுக்கு நாசினிப் போத்தல் காப்புறுதியின் இடத்தைப் பெறுகின்றது. அவனது அச்சத்தை அறியாமை என்பது அநீதி. பக்கத்து வயலார் தெளிக்கையில் தான் மட்டும் விட்டிருத்தலும் அரிது. பயிற்சியால் விளைச்சலிலோ நாசினிப் பாவனையிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் ஏற்படவில்லையென 2004 இல் வெளியான உலக வங்கிப் பொருளியலாளரின் ஆய்வு கூறியது. அத்தகைய ஆய்வுகள் நிலவுடைமை பற்றிய வினாவை மையமாகக் கொள்வதில்லை. திட்டம் 1999 இல் முடிவுற்றது. சந்தையில் நாசினிகள் மீண்டும் மலிந்தன. 2010–11 இல் ஜாவாவைத் தத்தி மறுபடியும் தாக்கியது.

அரசு பாடசாலையைக் கொடுத்தது. நிலத்தையோ 1965 இல் அழித்த ஒழுங்கமைப்பையோ கொடுக்கவில்லை. எனினும் அப்பாடசாலைகளிற் பயின்றோர் 1999 இல் தமக்கெனச் சங்கமொன்றை அமைத்தனர். கமக்காரர் கூட்டாகத் தீர்மானிக்கும் வலு பெறுமிடத்தே சிலந்தியை நம்பும் துணிவும் பிறக்கின்றது என்பதை இது உணர்த்துகின்றது. எமது நாட்டின் வயற்பாடசாலைகளை மதிப்பிடுவோரும் பயிற்றப்பட்டோர் தொகையை எண்ணுவதோடமையாது, வயலில் தீர்மானிப்பவர் யார் என்று வினவுதல் வேண்டும்.