வெடிக்காத சதி, மாறிய படை

இராணுவப் புரட்சி எண்டதும் ஞாபகம் வாறது கானா, நைஜீரியா மாதிரி நாடுகள்தான். சுதந்திரம் கிடைச்சு பத்து வருஷம் ஆகமுதலே, 1966இல், இரண்டு இடத்திலயும் இராணுவம் ஆட்சியைப் பிடிச்சது. அதுக்கு நாலு வருஷம் முந்தி கொழும்பிலும் ஒரு முயற்சி நடந்தது தெரியுமா?

1962 ஜனவரி 27 நள்ளிரவு சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அமைச்சர்களைக் கைதுசெய்து அரசைக் கவிழ்ப்பதே திட்டம். கேணல் எஃப். சி. டி சேரம் உட்பட இராணுவ, பொலிஸ் அதிகாரிகள் இதில் இருந்தார்கள். பொலிஸ் அதிகாரி ஸ்டான்லி சேனாநாயக்கவிடமிருந்து அவருடைய மாமனாருக்கு விஷயம் போய், அன்றிரவே எல்லாம் அம்பலமானது. ஒரு வெடிகூட வெடிக்கல.

24 பேர்மீது வழக்கு. நடந்து முடிந்த குற்றத்துக்காகவே பிறகு ஒரு சட்டம் இயற்றி, 11 பேருக்குத் தண்டனை கொடுத்தார்கள். 1965 டிசம்பரில் லண்டன் பிரிவி கவுன்சில் அந்தச் சட்டம் செல்லாது எண்டு அவர்களை விடுவித்தது.

தேர்தலில் வென்ற அரசைத் துப்பாக்கியால கவிழ்க்கப் பார்த்தது பிழைதான். ஆனா விளைவு அவர்களோட நிற்கல. குற்றஞ்சாட்டப்பட்டவர்களில் பெரும்பாலானோர் ஆங்கிலம் படித்த கிறிஸ்தவர்கள். சிங்களவர், தமிழர், பறங்கியர் மூன்று தரப்பும் இருந்தார்கள். 1956க்குப் பிறகே மாறத் தொடங்கியிருந்த ஆட்சேர்ப்பு, இதற்குப் பிறகு சிங்கள பௌத்தர் பக்கம் இன்னும் வேகமாகச் சாய்ந்தது. தமிழ் அதிகாரிகள் அருகினார்கள்.

பிறகு யுத்த காலத்தில வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் சோதனைச் சாவடியில அடையாள அட்டை நீட்டின எங்கட பெற்றோர், தங்கட மொழி பேசுற சிப்பாயை அனேகமாகக் காணவேயில்லை. அதுக்கு 1962 மட்டும் காரணமில்லை. ஆனா அந்தக் கதையை அங்கயிருந்தும் படிக்கவேணும்.