தவளைத்தோல் சொன்ன உப்புக் கணக்கு

குளத்துத் தண்ணீரில் உப்பு ரொம்பக் குறைவு. தவளையின் ரத்தத்தில் அதிகம். ஆனாலும் தவளை தன் தோல் வழியாகக் குளத்திலிருந்து உப்பை எடுத்துக்கொள்கிறது. பள்ளத்திலிருந்து மேட்டுக்கு உப்பைத் தள்ளுவது யார்? கோபன்ஹேகனில் ஹான்ஸ் உஸ்ஸிங் விடாமல் பிடித்துக்கொண்ட கேள்வி இது.

ஒரு துண்டுத் தவளைத்தோல். இரண்டு பக்கமும் ஒரே உப்புக்கரைசல். மின்னழுத்த வித்தியாசத்தையும் பூஜ்ஜியமாக்கிவிட்டார். வெளியிலிருந்து தள்ள எதுவுமே இல்லை. அப்பவும் மின்சாரம் ஓடியது. 1951இல் உஸ்ஸிங்கும் கார்ல் ஸெரானும் கதிரியக்க சோடியத்தை வைத்து அளந்து காட்டினார்கள்: அந்த மின்சாரம், உள்ளே போகும் சோடியம்தான்! 1958இல் வால்போர்க் என்ற சக ஆய்வாளருடன் சேர்ந்து விளக்கமும் தந்தார். செல்லின் வெளிச்சுவரில் சோடியம் நுழைய ஒரு வாசல். உட்சுவரில் ஆற்றலைச் செலவழித்து அதைத் தள்ளிவிடும் பம்பு.

சரி, தவளைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? நம் சிறுநீரகக் குழாய்களின் கடைசிப் பகுதியிலும் இதே ஏற்பாடுதான். எவ்வளவு உப்பு உடம்பில் தங்கும் என்பது அங்கேதான் முடிவாகிறது. 1990களில் அந்த வாசலின் மரபணுக்கள் பிடிபட்டன. லிடில் நோய் உள்ள குடும்பங்களில் சின்ன வயசிலேயே ரத்த அழுத்தம் ஏன் ஏறுகிறது என்பது 1994இல் புரிந்தது: வாசல் அளவுக்கு மீறித் திறந்து கிடக்கிறது. அதை அடைக்க அமிலோரைடு என்ற மாத்திரை இருக்கிறது. தவளைத்தோலின் வாசலையும் அடைப்பது அதே மருந்துதான்.