ஏரி வாரியம்: சோழர் கால ஊராட்சியில் நீர்வள மேலாண்மை

ஏரி வாரியம் என்பது சோழர் காலப் பிரமதேய ஊர்களின் சபையால் அமைக்கப்பட்டு, ஊரின் ஏரியையும் பாசனத்தையும் கவனித்துவந்த குழுவாகும். இதன் அமைப்பையும் உறுப்பினர் தெரிவு முறையையும் மிகத் தெளிவாகக் கூறுவன காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில் உள்ள முதலாம் பராந்தக சோழனின் கல்வெட்டுகள் ஆகும். இவை அம்மன்னனின் 12 ஆம், 14 ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்டவை. குடவோலைத் தேர்தல் முறைக்காகப் பெரிதும் பேசப்படும் இக்கல்வெட்டுகள், நீரும் தோட்டமும் போன்ற பொதுவளங்களை ஓர் ஊர் எவ்வாறு நிருவகித்தது என்பதற்கும் முதன்மைச் சான்றுகளாக விளங்குகின்றன.

பின்னணி

உத்திரமேரூர் அமைந்துள்ள தொண்டை மண்டலத்தில் ஆண்டு முழுவதும் நீரோடும் பேராறுகள் இல்லை. பாலாறும் செய்யாறும் மழைக்காலத்தில் பெருகிப் பின்னர் மணலாகக் கிடப்பவை. ஆகவே மழை பெய்யும் சில மாதங்களில் கிடைக்கும் நீரைத் தேக்கி வைத்தால் மட்டுமே நெல் விளையும். பல்லவர் காலம் முதலே இப்பகுதியில் பெரிய ஏரிகள் வெட்டப்பட்டன. உத்திரமேரூரின் பெரிய ஏரி கல்வெட்டுகளில் வைரமேக தடாகம் எனப்படுகிறது. வைரமேகன் என்பது பல்லவ மன்னன் தந்திவர்மனுக்கு வழங்கிய பெயர்.

ஏரியை ஒருமுறை வெட்டினால் போதாது. ஒவ்வொரு மழையிலும் வண்டல் வந்து படிந்து கொள்ளளவு குறையும். கரை அரிக்கப்படும். தூம்பும் மதகும் பழுதுபடும். கலிங்கு சரியாக இல்லையெனில் மிகைநீர் கரையை உடைத்துவிடும். ஒரே இரவில் கரை உடைந்தால் அவ்வாண்டு விளைச்சல் முழுவதும் போகும். மேலும் இப்பகுதி ஏரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொடர்ச்சியாக அமைந்தவை. மேல் ஏரியின் மிகைநீரே கீழ் ஏரிக்கு வரத்து. எனவே ஒரு ஊரின் அலட்சியம் அடுத்த ஊரையும் பாதிக்கும். இப்பணியைத் தனி உழவர் எவரும் செய்ய இயலாது. ஊர் கூடிப் பொறுப்பேற்க வேண்டியிருந்தது.

வாரியங்களும் தெரிவு முறையும்

உத்திரமேரூர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்பு என்பது இன்றைய வட்டத்தைப் போன்ற பிரிவு. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயர்கள் ஓலைகளில் எழுதப்பட்டுக் குடத்தில் இடப்பட்டன. சபையார் முன்னிலையில், விவரம் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு ஓலை எடுக்கப்பட்டது. இவ்வாறு தெரிவான 30 பேரில் 12 பேர் சம்வத்சர வாரியத்திலும், 12 பேர் தோட்ட வாரியத்திலும், 6 பேர் ஏரி வாரியத்திலும் அமர்ந்தனர். பொன் வாரியம், பஞ்சவார வாரியம் ஆகியவற்றுக்குத் தனியே குடவோலை நடைபெற்றது. பதவிக்காலம் 360 நாட்கள்.

சம்வத்சர வாரியம், அதாவது ஆண்டு வாரியம், இவற்றுள் உயர்ந்தது. முன்பு தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் பணியாற்றியவர்கள், கல்வியிலும் வயதிலும் மூத்தவர்கள் ஆகியோரே அதற்குத் தகுதி பெற்றனர். எனவே ஊரின் நீரையும் நிலத்தையும் நேரில் கவனித்த பட்டறிவு, மேற்பொறுப்புக்குச் செல்லும் படியாகவும் இருந்தது.

தகுதியும் தகுதியின்மையும்

வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் உடையவராகவும், சொந்த மனையில் வீடு கட்டி வாழ்பவராகவும், வேதக் கல்வி உடையவராகவும் உறுப்பினர் இருக்கவேண்டும். வேதப் புலமை மிகுந்தவருக்கு அரைக்கால் வேலி நிலம் போதுமானது. வயது வரம்பு 919 ஆம் ஆண்டு விதியில் 30 முதல் 60 வரையாக இருந்தது. 921 இல் அது 35 முதல் 70 வரையாக மாற்றப்பட்டது. இரண்டே ஆண்டுகளில் விதிகள் திருத்தப்பட்டமை, முதல் ஏற்பாட்டில் சபை குறை கண்டதைக் காட்டுகிறது. இரண்டு முறையும் அரசனின் அதிகாரி ஒருவர் சபையுடன் உடனிருந்தார். ஆகவே ஊர்ச்சபை முழுத் தன்னாட்சி பெற்றிருந்தது என்றோ, அரசின் வெறும் கருவியாக இருந்தது என்றோ கூறுவது பொருந்தாது.

விலக்கு விதிகளே இக்கல்வெட்டின் சிறப்புப் பகுதி. முந்தைய மூன்று ஆண்டுகளுக்குள் வாரியம் செய்தவர் மீண்டும் வரமுடியாது. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் தகுதி இழந்தார். அவருடைய நெருங்கிய உறவினர்களும் தகுதி இழந்தனர். இவ்வுறவுகள் கல்வெட்டில் ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்லப்பட்டுள்ளன. பிறர் பொருளைக் கவர்ந்தவர் விலக்கப்பட்டார். பதவியில் இருக்கும்போது குற்றம் செய்தவர் உடனே நீக்கப்பட்டார். கணக்கு எழுதுவோருக்கும் விதி உண்டு. ஒருவர் எழுதிய கணக்கை அவரே காட்டவேண்டும். அவருக்குப் பதிலாக வேறு கணக்கர் புகுந்து முடிக்கக்கூடாது. கணக்கு ஒப்புக்கொள்ளப்படும்வரை அவர் மறுபடி அப்பணிக்கு வரவும் முடியாது.

பொதுவளம் ஒரு குடும்பத்தின் கைக்குள் போய்விடும் என்ற அச்சம் இவ்விதிகளின் அடியில் இருப்பதை உணரலாம். நீரைத் திறப்பவர் யார், பராமரிப்புக்கு வந்த பொன்னும் நெல்லும் எங்கே சென்றன என்பவை விளைச்சலையே தீர்மானித்தன.

நிதியும் பணியும்

ஏரிப் பராமரிப்புக்கெனத் தனி வருவாய் இருந்தது. ஏரிப்பட்டி எனப்பட்ட நிலத்தின் விளைச்சல் இதற்கு ஒதுக்கப்பட்டது. தனியார் பொன்னாகவும் நெல்லாகவும் அறக்கொடை அளித்தனர். சபை அதை முதலாகப் பெற்று, அதன் வட்டியில் ஆண்டுதோறும் குழி தோண்டி வண்டலை அகற்றிக் கரையில் இட ஒப்புக்கொண்டது. அகற்றிய மண்ணால் கரை உயர்ந்தது. ஒரே வேலையில் ஆழமும் காவலும் கிடைத்தன.

வரம்புகள்

இம்முறையை இன்றைய மக்களாட்சியுடன் அப்படியே ஒப்பிட முடியாது. சபை என்பது பிரமதேய ஊர்களின் நிலவுடைமைப் பிராமணர் அவை. பிற வேளாண் ஊர்களில் ஊர் என்ற அவையும், வணிகர் ஊர்களில் நகரமும், பல ஊர்கள் சேர்ந்த பகுதிக்கு நாடு என்ற அவையும் இயங்கின. உத்திரமேரூரில் பெண்களுக்கோ, நிலமற்றோருக்கோ, வயலில் உழைத்தோருக்கோ குடவோலையில் பெயர் இல்லை. ஏரியில் மண் சுமந்தவர்கள் ஏரியைப் பற்றி முடிவெடுக்கும் இடத்தில் இல்லை என்பது இவ்வரலாற்றின் மறுபக்கம்.

பிற்கால மாற்றம்

ஆங்கிலேயர் ஆட்சியில் ஏரிப் பணிகள் படிப்படியாக அரசுத் துறைக்குச் சென்றன. ஊரார் கூடிச் செய்த குடிமராமத்து நலிந்தது. அதைச் சட்டத்தால் நிலைநிறுத்த 1858 இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் கொண்டுவரப்பட்டது. ஆனால் நிதியும் முடிவெடுக்கும் உரிமையும் இல்லாமல் உழைப்பை மட்டும் கேட்ட அச்சட்டம் வழக்கத்தை மீட்கவில்லை.

இன்று தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகள் உள்ளன. 40 ஹெக்டேருக்கு மேற்பட்ட ஆயக்கட்டு உடையவை மாநில நீர்வளத் துறையிடமும், சிறியவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் உள்ளன. 73 ஆவது அரசியலமைப்புத் திருத்தம் சிறுபாசனம், நீர் மேலாண்மை, சமூகக் காடு வளர்ப்பு உள்ளிட்ட 29 பொருள்களை ஊராட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்கவையாகப் பட்டியலிட்டது. ஏரி ஆக்கிரமிப்புகளை அகற்ற 2007 இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. 2017 இல் குடிமராமத்து என்ற பெயரிலேயே அரசுத் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது.

உத்திரமேரூரில் விலக்கப்பட்டிருந்தவர்கள் இன்று வாக்களிக்கவும் போட்டியிடவும் உரிமை பெற்றுள்ளனர். ஏரிக்கென நிலையான வருவாயும், கணக்குக் காட்டாதவர் மீண்டும் வரமுடியாத விதியும் அந்த உரிமையுடன் சேரும்போதே, ஊராட்சியின் நீர்ப் பொறுப்பு முழுமை பெறும்.