நெடுந்தொலைவு ஓட்டக்காரர்: உடற்கொழுப்பு, இயக்குநீர், உணவு

நெடுந்தொலைவு ஓட்டக்காரரின் உடலில் கொழுப்பு குறைவு என்றாலும் எரிபொருள் என்ற வகையில் அது குறைவன்று. 60 கிலோ எடையுள்ளவரின் உடலில் 10 விழுக்காடே கொழுப்பு என்று கொண்டாலும் அந்த 6 கிலோவில் ஏறத்தாழ 46,000 கலோரி (இங்குக் கலோரி என்பது கிலோகலோரி) அடங்கியிருக்கும். ஒரு கிலோமீட்டர் ஓட உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ ஒரு கலோரி செலவாவதால், ஒரு மாரத்தானுக்கு அவருக்கு வேண்டியது 2,500 கலோரி அளவே. ஓட்டத்தின் நடுவே தீர்ந்துபோவது கொழுப்பன்று, தசையிலும் ஈரலிலும் சேர்ந்திருக்கும் கிளைக்கோஜன் என்னும் சேமிப்புச் சர்க்கரையே.

உடற்கொழுப்பை அளக்கும் முறை ஓட்டக்களத்தில் பிறந்ததன்று. அமெரிக்கக் கடற்படை மருத்துவரான ஆல்பர்ட் பெங்கே, ஆளை நீருக்குள் அமிழ்த்தி எடைபார்த்து, ஆர்க்கிமிடீஸ் கோட்பாட்டின்படி உடலின் அடர்த்தியைக் கண்டறிந்தார். எடை அட்டவணையின்படி பருத்தவர்கள் என ஒதுக்கத்தக்க அமெரிக்கக் கால்பந்தாட்டக்காரர் பலர் உண்மையில் தசை மிகுந்தவர்களே என்பதை 1942இல் அம்முறையால் காட்டினார். அடர்த்தியைக் கொழுப்பு விழுக்காடாக மாற்ற வில்லியம் சிரி தந்த வாய்பாடு எளியது: 495ஐ அடர்த்தியால் வகுத்து 450ஐக் கழிக்க வேண்டும். அடர்த்தி 1.07 என்றால் விடை 12.6, 1.06 என்றால் 17. நூறில் ஒரு பங்கு பிசகினாலே விடை நான்கு விழுக்காட்டுக்கு மேல் மாறிவிடும். நுரையீரலில் எஞ்சும் காற்றைக் குத்துமதிப்பாகக் கணக்கிட்டாலே அப்படிப் பிசக இடமுண்டு.

இத்தகைய எண்களின் மீதுதான் இத்துறையின் புகழ்பெற்ற கருதுகோள் எழுந்தது. ஹார்வர்டு ஆய்வாளர் ரோஸ் ஃபிரிஷ், ரோஜர் ரெவெல்லுடன் சேர்ந்து 1970இல், பெண் பூப்பெய்துவதற்கு ஒரு குறிப்பிட்ட எடை தேவை என்றார். 1974இல் ஜேனட் மக்கார்தருடன் அதைக் கொழுப்புக்கு மாற்றி, பூப்புக்கு 17 விழுக்காடும், வளர்ந்த பெண்ணுக்கு மாதவிலக்கு தவறாமல் வர 22 விழுக்காடும் வேண்டும் என்று வரையறுத்தார். ஓட்டக்காரிகளுக்கும் பாலே நடனக்காரிகளுக்கும் மாதவிலக்கு நின்றுபோவதற்கு இது கைக்கு எட்டிய விளக்கமாக அமைந்ததால் பயிற்சியாளரிடையே விரைவில் பரவியது. ஆனால் ஃபிரிஷ் கொழுப்பை நேரடியாக அளக்கவில்லை. உயரத்தையும் எடையையும் கொண்டு சமன்பாட்டால் கணித்தார். 1978இலேயே ஜேம்ஸ் டிரஸ்ஸல் புள்ளியியல் வழியில் இதை மறுத்துரைத்தார். எனினும் 22 என்ற எண் மறைய நெடுங்காலம் ஆயிற்று. நினைவில் நிற்க எளிதான எண்ணுக்கு ஆயுள் கெட்டி.

கருதுகோளை உண்மையில் சாய்த்தது உணவைப் பற்றிய ஆய்வே. ஆய்வாளர் ஆனி லக்ஸ், பயிற்சிச் செலவு போக உடலின் மற்ற வேலைகளுக்கு மிஞ்சும் உணவாற்றலைக் கொழுப்பு நீங்கிய உடல் எடையால் வகுத்து, அதை 'கிடைக்கும் ஆற்றல்' என்னும் அளவுகோலாகக் கையாண்டார். 50 கிலோ எடையும் 16 விழுக்காடு கொழுப்பும் உள்ள ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். கொழுப்பு நீங்கிய எடை 42 கிலோ. ஒரு நாளில் 2,000 கலோரி உண்டு 15 கிலோமீட்டர் ஓடினால் 750 கலோரி செலவாகி 1,250 மிஞ்சும். கிலோவுக்கு 30க்குச் சற்றுக் குறைவு. மாதவிலக்கு ஒழுங்காக வரும் பெண்களிடம் அவர் நடத்தி 2003இல் வெளிவந்த ஆய்வில், இந்த அளவு 30க்குக் கீழே இறங்கியபோது ஐந்தே நாளில் பிட்யூட்டரி சுரப்பி விடும், மாதவிலக்குச் சுழற்சியை இயக்கும் லூட்டினைசிங் இயக்குநீரின் துடிப்பு குலைந்தது. ஐந்து நாளில் உடற்கொழுப்பு சொல்லத்தக்க அளவு கரைவதில்லை. ஆகவே மூளை கணக்குப் பார்ப்பது இருப்பை அன்று, வரவையே.

அந்தக் கணக்கை மூளைக்குச் சொல்லும் தூதுகளில் ஒன்று, 1994இல் ஜெஃப்ரி ஃபிரீட்மனின் ஆய்வுக்கூடத்தில் கண்டறியப்பட்ட லெப்டின். கொழுப்புத் திசுவில் சுரக்கும் இது, உண்ணாமலிருந்தால் கொழுப்பு குறையும் முன்பே வீழ்ந்துவிடும். அதனுடன் தைராய்டு இயக்குநீரான டி3 தணியும், உளைச்சல் இயக்குநீரான கார்ட்டிசால் ஏறும், பெண் இயக்குநீரான ஈஸ்ட்ரோஜன் வற்றும். மாதவிலக்கு நின்ற எட்டுப் பெண்களுக்கு லெப்டினை மட்டும் ஊசிவழி செலுத்தியபோது, எடை கூடாமலே மூவருக்குக் கருமுட்டை வெளிப்பட்டது என 2004இல் அறிவிக்கப்பட்டது. ஈஸ்ட்ரோஜன் வற்றுவதன் விலையை எலும்பு கொடுக்கிறது: பார்பரா டிரிங்க்வாட்டர் 1984இல் அளந்த, மாதவிலக்கு நின்ற இளம் விளையாட்டு வீராங்கனைகளின் சராசரி வயது 25, அவர்களின் இடுப்பு முதுகெலும்பு அடர்த்தியோ 51 வயதுப் பெண்ணுடையதை ஒத்திருந்தது.

உணவு வகையைப் பொறுத்தவரை கென்யாவின் முன்னணி ஓட்டக்காரர்கள் நன்கு ஆராயப்பட்டவர்கள். மக்காச்சோள மாவைக் கிளறிச் செய்யும் உகாலி, கீரை, பாலும் சர்க்கரையும் தாராளமாகச் சேர்ந்த தேநீர் ஆகியவற்றிலிருந்து ஆற்றலில் முக்கால் பங்கு மாவுச்சத்தாகவும் சர்க்கரையாகவும் வந்தது. 2004இல் வெளிவந்த ஆய்வொன்றில் அவர்கள் நாளொன்றுக்கு உண்டது ஏறத்தாழ 3,000 கலோரி, செலவிட்டது 3,600.

ஆற்றல் குறைவால் இயக்குநீர் குலைவதைப் பற்றிய ஆராய்ச்சிக்குள் ஆண்கள் பிந்தி வந்தவர்கள். மாதவிலக்கு போன்ற வெளிப்படையான அடையாளம் இல்லாமையால், நெடும் பயிற்சி பெறுவோரிடம் ஆண் இயக்குநீரான டெஸ்டோஸ்டிரோன் தாழ்வது குருதிச் சோதனையிலேயே தெரியவரும். 1992இல் பெண்களுக்கு மட்டும் உரியதாக வகுக்கப்பட்ட 'வீராங்கனை முக்குறை' (உண்பதில் கோளாறு, மாதவிலக்கு நிற்றல், எலும்புத் தேய்வு ஆகிய மூன்றும் சேர்ந்தது) என்னும் கருத்தை விரித்து, பன்னாட்டு ஒலிம்பிக் குழு 2014இல் இருபாலாருக்குமான ஆற்றல் குறைபாட்டு நிலையை அறிவித்தது; 2023இல் அதைத் திருத்தி வெளியிட்டது.