தற்காப்பும் துப்பாக்கியும்

"தற்காப்புக்காகத்தான் சுட்டேன்" என்று சொல்லிவிட்டால் வழக்கு அங்கேயே முடிந்துவிடும் என்று நம்மில் சிலர் நினைக்கிறோம். வேறு சிலர் நேர் எதிராக, அடிக்க வந்தவனைத் திருப்பி அடித்தாலே ஜெயில்தான் என்று நினைக்கிறார்கள். இரண்டுமே தவறு. தற்காப்பு பற்றிய நம் நாட்டுச் சட்டம் 160 ஆண்டுகளுக்கு மேலாகப் பெரிய மாற்றமில்லாமல் இருக்கிறது. ஆனால் அந்த உரிமையைத் தந்த அதே வெள்ளைக்கார அரசுதான் நம் கையிலிருந்த ஆயுதத்தையும் வாங்கிக்கொண்டது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும்.

ஆயுதம் பறிபோன கதை நம் தென்சீமையில் ரொம்ப முன்பே தொடங்கிவிட்டது. 1801 அக்டோபரில் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். அதே ஆண்டு டிசம்பர் 1ஆம் தேதி சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். பாளையக்காரர்களின் கோட்டைகள் இடிக்கப்பட வேண்டும், தென் சீமை மக்கள் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்பது அதன் சாரம். அதுவரை ஊர்க்காவல் முறையில் தன்னைத் தானே காத்துக்கொண்ட ஒரு சமூகம், அதன்பின் காவலுக்குக் கம்பெனியை நம்ப வேண்டியதாயிற்று.

அடுத்து மெக்காலே வருகிறார். அவரை நாம் ஆங்கிலக் கல்விக்காக மட்டுமே நினைவில் வைத்திருக்கிறோம். இந்திய தண்டனைச் சட்டத்தின் முதல் வரைவையும் அவர் தலைமையிலான சட்டக் கமிஷன்தான் 1837இல் எழுதியது. அது 1860இல் சட்டமாகி, 1862 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் 96 முதல் 106 வரை உள்ள பிரிவுகள் தற்காப்புரிமை பற்றியவை. இந்த நாட்டு மக்கள் கொள்ளைக் கூட்டத்துக்கும் முரடர்களுக்கும் எதிர்ப்பே காட்டாமல் பணிந்துபோகிறார்கள், அவர்களுக்குத் துணிவு வரவேண்டும், ஆகவே இந்த உரிமையைக் கறாராகச் சுருக்கக் கூடாது என்பது மெக்காலேயின் எண்ணம்.

அந்தத் துணிவுக்கு 1878இல் ஒரு பூட்டு விழுந்தது. வைஸ்ராய் லிட்டன் பிரபு காலத்தில் வந்த ஆயுதச் சட்டப்படி இந்தியர் ஆயுதம் வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும். ஐரோப்பியருக்கு விலக்கு உண்டு. அதே ஆண்டு வந்த தாய்மொழிப் பத்திரிகைச் சட்டத்தை ரிப்பன் பிரபு சில ஆண்டுகளில் நீக்கிவிட்டார். ஆயுதச் சட்டத்தை யாரும் நீக்கவில்லை. உன்னைக் காத்துக்கொள் என்று ஒரு சட்டம் சொன்னது. கையில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதே என்று இன்னொரு சட்டம் சொன்னது.

இது நம் தலைவர்களுக்கு உறுத்தியது. 1887 டிசம்பரில் காங்கிரசின் மூன்றாவது மாநாடு நம் சென்னையில் கூடியபோதே ஆயுதச் சட்டத்தை எதிர்த்துக் குரல் எழுந்தது. இளைஞராக இருந்த விபின் சந்திர பால் அதை ரத்து செய்ய வேண்டும் என்று பேசினார். 1931 கராச்சி மாநாட்டின் அடிப்படை உரிமைகள் தீர்மானத்தில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் இடம்பெற்றது. ஆனால் சுதந்திரம் வந்தபின் நிலைமை மாறியது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் அந்த உரிமையை அரசியல் சட்டத்தில் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தார். அப்படிச் சேர்த்தால் திருடனுக்கும் பழைய குற்றவாளிக்கும்கூட அந்த உரிமை போகுமே என்ற கேள்வியை டாக்டர் அம்பேத்கர் எழுப்பினார். திருத்தம் தோற்றது. அப்போது தேசப்பிரிவினை ரத்தம் காய்ந்திருக்கவில்லை என்பதையும் நாம் மறக்கக் கூடாது.

பின் வந்த 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இன விலக்கு இல்லாமல், லைசென்ஸ் முறையைத் தொடர்ந்தது. 1983இல் ஒருவர் மூன்று துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்றும், 2019இல் இரண்டுக்கு மேல் கூடாது என்றும் திருத்தினார்கள். கல்யாண வீட்டில் குஷிக்காக வானத்தைப் பார்த்துச் சுடுவதும் 2019 முதல் தண்டனைக்குரியது. குடகு மக்களுக்கு மட்டும் பிரிட்டிஷ் காலத்திலிருந்து லைசென்ஸ் விலக்கு இன்றும் தொடர்கிறது.

வருவாய்த் துறையில் வேலை பார்த்த நாட்களில் துப்பாக்கி லைசென்ஸ் மனுக்கள் சில என் மேஜைக்கும் வந்ததுண்டு. காட்டுப்பன்றி பயிரை அழிக்கிறது என்பது ஒரு வகை. 'பங்காளியால் உயிருக்கு ஆபத்து' என்பது இன்னொரு வகை. இரண்டாவது வகை வந்தால் எங்கள் தாசில்தார் உடனே பேனாவை மூடிவிடுவார். "இன்றைக்கு இவருக்குக் கொடுத்தால் நாளைக்குப் பங்காளியும் இதே காரணத்தை எழுதிக்கொண்டு வருவார். இரண்டு பேருக்கும் நாமே துப்பாக்கி கொடுத்த மாதிரி ஆகும்" என்பார். அன்று அது அதிகாரியின் பிடிவாதம் போலத் தெரிந்தது. கீழே சொல்லப்போகும் வழக்குகளைப் படித்தபின் அதன் அர்த்தம் கூடிவிட்டது.

சட்டம் என்ன சொல்கிறது என்று சுருக்கமாகப் பார்ப்போம். தன் உடலை மட்டுமல்ல, பிறர் உடலையும், தன் சொத்தையும் பிறர் சொத்தையும் காக்கலாம். போலீசை நாட அவகாசம் இருந்தால் இந்த உரிமை கிடையாது. தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது. உயிர் போகும், அல்லது கொடுங்காயம் ஏற்படும் என்ற நியாயமான அச்சம் இருந்தால் எதிராளியின் உயிர் போகும் அளவுக்குக்கூட எதிர்க்கலாம். அந்த அச்சம் தோன்றும் கணத்தில் உரிமை பிறக்கிறது. அச்சம் நீங்கும் கணத்தில் முடிகிறது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்தபின் பிரிவு எண்கள் 34 முதல் 44 வரை என்று மாறின, சாரம் அதேதான்.

இனி அந்த இரண்டு வழக்குகள். இரண்டும் உச்ச நீதிமன்றம் வரை போனவை. இரண்டிலும் நிலத் தகராறு, இரண்டிலும் துப்பாக்கி.

முதலாவது 1961இல் அன்றைய பஞ்சாப் மாநிலத்தில் நடந்தது. ஒரு வயலை உழுவதில் தகராறு. எதிர்த்தரப்பு ஊர்க்காரர்கள் திரண்டு வந்தார்கள். வயலில் இருந்தவர்களுக்குத் தற்காப்புரிமை இருந்தது என்பதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. தாக்கப்படுகிறவன் ஓடித் தப்ப வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை என்றும், அந்தப் பதற்றத்தில் செய்ததைப் பொன் நிறுக்கும் தராசில் வைத்துப் பார்க்கக் கூடாது என்றும் சொன்னது. ஆனால் வந்தவர்கள் திரும்பி ஓட ஆரம்பித்துவிட்டார்கள். அதற்குப் பிறகும் சுட்டார்கள். ஓடுகிறவனால் யாருக்கு ஆபத்து? அந்த நொடியோடு உரிமை முடிந்துவிட்டது என்று 1962இல் தீர்ப்பு வந்தது. கொலைக் குற்றம் நிலைத்தது.

இரண்டாவதும் பஞ்சாபில்தான், 1991இல் நடந்தது. அண்ணன் தம்பி இருவருக்குள் நிலப் பிரச்சினை. ஒருவர் கண்டாசா என்ற நீண்ட பிடியுள்ள வெட்டு ஆயுதத்தால் சகோதரரை வெட்டினார். வெட்டுப்பட்டவரின் மகன் தந்தையைக் காக்கத் துப்பாக்கியால் சுட்டார். சித்தப்பன் பெரியப்பன் உறவுக்குள் ஓர் உயிர் போயிற்று. விசாரணை நீதிமன்றம் மகனை விடுதலை செய்தது. உயர் நீதிமன்றம் அதை மாற்றிக் கொலைக் குற்றவாளி என்றது. 2010இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் விடுதலை செய்தது. தந்தை மீது வெட்டு விழும்போது சுட்டது தற்காப்பே என்று தீர்ப்பளித்தது.

இரண்டிலும் துப்பாக்கி ஒன்றுதான், வயல் தகராறும் ஒன்றுதான். தீர்ப்பை மாற்றியது சுட்ட நேரம். யார் பக்கம் பட்டா, யார் முதலில் வரப்பை வெட்டினார் என்பதெல்லாம் சிவில் கோர்ட் விஷயம். விசை அழுத்தப்பட்ட நொடியில் எதிரே இருந்தவன் வந்துகொண்டிருந்தானா, போய்க்கொண்டிருந்தானா என்பதைத்தான் செஷன்ஸ் கோர்ட் பார்க்கிறது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். அரிவாளை ஓங்கிய கை சில சமயம் பாதியில் நிற்கும், அல்லது யாராவது பிடித்து நிறுத்துவார்கள். துப்பாக்கிக் குண்டு பாதியில் நிற்காது.

இன்னொன்றையும் கவனியுங்கள். சரியாகவே நடந்துகொண்ட அந்த மகனுக்கு விடுதலை உறுதியாக ஏறத்தாழ 19 ஆண்டுகள் ஆயிற்று. தற்காப்பு என்று காட்ட வேண்டிய பொறுப்பு அவர் மீது இருந்தது. ஐயத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை, நம்பத்தகுந்த அளவு காட்டினால் போதும் என்பது உண்மைதான். ஆனாலும் அதுவரை வக்கீல், வாய்தா, மேல்முறையீடு. லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கி என்றால் ஆயுதச் சட்ட வழக்கு வேறு தனியாக நிற்கும்.

நம் பக்கத்திலும் வாய்க்கால் தண்ணீருக்கும், வேலி ஓரத்துப் புளியமரத்துக்கும் தலைமுறையாகப் பேசாத குடும்பங்கள் உண்டு. அப்படி உள்ள வீடுகளில் பெரியவர்கள் நாம் செய்யக்கூடியது ஒன்றுதான். சண்டை மூளும் என்று தெரிந்தால் முதலில் ஸ்டேஷனில் எழுத்தில் மனு கொடுத்து ரசீது வாங்கி வையுங்கள். சர்வேயரைக் கூப்பிட்டு அளந்து கல் நடச் சொல்லுங்கள். வீட்டில் பன்றிக்காக வாங்கிய துப்பாக்கி இருந்தால், அந்த அலமாரிச் சாவி கோபக்கார மகனிடம் இல்லாமல் உங்கள் இடுப்பில் இருக்கட்டும்.